கொற்றந்தரவையில் விரலில்லாத தடம்

உலகம்மைக்கு நடந்த அநியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், கதை பிறகு வரட்டும். கால் நோகிறது என்று அவள் சொன்னாள். பொய் சொல்கிறாள் என்றார்கள். அந்த நோவோடு நடக்க அவளே ஒரு வழி கண்டாள். பேய் நடக்கிறது என்றார்கள். அவள் வாய் திறந்து சொன்ன உண்மையை ஒரு வருஷமாக நம்பாதவர்கள், அவள் சொல்லவே சொல்லாத பேயை ஒரே சாயங்காலத்தில் நம்பினார்கள். செய்தவர்கள் அயலார் இல்லை. அவளோடு தோள் உரச நின்று உழைத்த ஊர். அவள் புருஷனோடு கூடப் பிறந்த அண்ணன்.

இப்போது கதை.

எண்ணி முடியாத மழைகளுக்கு முன்னால், கடலை ஒட்டி, கொற்றந்தரவை என்று ஒரு ஊர் இருந்ததாம். ஊர் என்றால் முப்பது கூரை. கூரையை விட்டு வெளியே வந்தால் உப்பளம். மரம் கிடையாது, ஓரத்தில் நாலு உடைமரம்தான் நிழல். மற்றதெல்லாம் வெள்ளை. தரை வெள்ளை, வானம் வெள்ளை, நடுவில் நிற்கிற ஆளும் கொஞ்ச நேரத்தில் வெள்ளை. உச்சி வெயிலில் அங்கே நின்றால் தன் நிழலையே காணாமல் தேட வேண்டிவரும் என்பார்கள். வெயில் எல்லாவற்றையும் பார்க்கும், எதையும் சொல்லாது.

அந்த ஊரில் மழை முடிந்ததும் மிதி தொடங்கும். மிதி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மழையில் ஊறின உப்புப் பாத்தியின் தரை பொதபொதவென்று கிடக்கும். அப்படியே கடல்தண்ணீரை விட்டால் மண்ணே குடித்துவிடும், உப்பு விளையாது. ஆகவே பெண்கள் வரிசையாக நின்று, பாட்டுப் பாடிக்கொண்டு, காலாலேயே அந்தத் தரையை மிதித்துக் கல் மாதிரி இறுக்குவார்கள். குதிகால் தரையில் படக் கூடாது. முன்பாதத்தை ஊன்ற வேண்டும், ஒரு விரற்கடை நகர வேண்டும், மறுபடி ஊன்ற வேண்டும். விடியலிலிருந்து உச்சி வரைக்கும். நாற்பது நாள். ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு தரை. தன் பங்கை மிதித்து முடிக்காதவளுக்கு அடுத்த வருஷம் அளத்தில் இடமில்லை. இடமில்லாதவளுக்கு ஊரில் கஞ்சியில்லை.

இன்னும் இரண்டு கட்டுப்பாடு உண்டு. மறந்துவிடாதீர்கள். செருப்புக்கால் பாத்தியில் படக் கூடாது. உச்சி நேரத்தில் மனுஷக்கால் பாத்தியில் படக் கூடாது. ஏனென்றால் உச்சி நேரம் 'அதுகள்' நடக்கிற நேரம்.

உலகம்மை இரண்டையும் மீறினாள்.

புருஷன் காய்ச்சலில் போய் இரண்டு வருஷம். பதினைந்து வருஷமாக அவள்தான் வரிசைக்கு முன்னால் நிற்கிறவள். அவள் பாட்டெடுத்தால்தான் மற்றவர்கள் கால் எடுப்பார்கள். அப்படிப்பட்டவளுக்கு வலது காலில், பெருவிரல் பாதத்தோடு சேர்கிற அந்த மூட்டில், ஒரு நோவு வந்தது. முதலில் காலையில் எழுந்ததும் கொஞ்சம் விறைப்பு. பிறகு மிதிக்கும்போது. பிறகு மிதிக்காதபோதும். ஊன்றினால் அடியில் கூழாங்கல் இருப்பது மாதிரி. குதிகாலைத் தூக்கினால் அந்தக் கூழாங்கல்லுக்குப் பல் முளைத்தது மாதிரி.

மூத்தார், அதாவது புருஷனின் அண்ணன், தளவாய்தான் அளத்துக்கு மேஸ்திரி. வரப்பில் நின்று கத்துவான்.

"என்ன, முன்னால நிக்கவ பின்னால போயிட்டா?"

பக்கத்தில் மிதித்தவள் வடிவு, தளவாயின் பெண்டாட்டி, உலகம்மைக்கு ஓரகத்தி. அவள்தான் பதில் சொல்வாள். தம்பி பெண்டாட்டி மூத்தாரோடு நேருக்கு நேர் பேசக் கூடாது என்பது அந்தக் குடும்பத்து மரியாதை. "அவளுக்குக் கால் நோவுதாம்."

"வாய் நோவலல்லா? பாட்டு மட்டும் நல்லா வருது."

வரிசை சிரித்தது. சிரித்ததில் வடிவும் ஒருத்தி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷ மிதிக்குள் நோவு போகவில்லை. தளவாய் வெளியூரிலிருந்து ஒரு ரண வைத்தியரைக் கூட்டிவந்தான். அவர் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மூட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். உலகம்மைக்குக் கண் இருண்டது.

"எடுத்திருவோம். ஒரே இழுப்பு."

"எடுத்தா நோவு போயிருமா?"

"விரல் போயிரும்மா. விரலே போன பிறகு நோவு எங்கன நிக்கும்?"

"எனக்கு விரல்ல நோவலியே. அதுக்கு அடியிலல்லா நோவுது."

வைத்தியர் தளவாயைப் பார்த்தார். தளவாய் வானத்தைப் பார்த்தான்.

அந்த ஊரில் அனந்தன் என்று ஒருவன் இருந்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் அதே கத்தியில் அதே விரல் போனவன். அவன் மறுபடி உப்பு சுமக்கவில்லை. முன்னால் உந்த விரல் இல்லாமல் எப்படிச் சுமப்பான்? உடைமரத்தடியில் உட்கார்ந்து கொக்கு விரட்டிக்கொண்டிருந்தான். உலகம்மை அவனிடம் போய்க் கேட்டாளாம்.

"அண்ணே, இப்ப நோவு இருக்கா?"

அனந்தன் காலை நீட்டி, விரல் போன இடத்தைக் காட்டினான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"இருக்கு. அந்த விரல்லதான்."

"விரல்தான் இல்லியே?"

"இல்லதான். ஆனா நோவுது. வெயில் உச்சிக்கு வந்தா அது வந்து மாட்டிக்கிடும். நோக வச்சிட்டுப் போவும்."

 உலகம்மை பயந்து ஓடிவிடவில்லை, யோசித்தாள். கத்தியே கூடாது என்று அவள் சொன்னதாகச் சிலர் சொல்வார்கள். அது பொய். சீழ் வைத்துக் கறுத்துப்போன விரலுக்குக் கத்திதான் என்று அவளே சொல்லியிருக்கிறாள். "என் கால் அந்தக் கால் இல்ல" என்றாள். அவ்வளவுதான். தன் காலைப் பற்றி ஒரு பெண் இவ்வளவு சொல்லக் கூடாதா?

"விரலை எடுக்க விடமாட்டேன்னு சொல்லுங்கக்கா" என்று வடிவு வழியாகச் சொல்லியனுப்பினாள்.

"அப்ப பங்கை முடிக்கச் சொல்லு" என்று பதில் வந்தது. "நாற்பதாம் நாள் தரை இறுகலேன்னா, ஒண்ணு விரல் போவும், இல்ல இடம் போவும்."

காலையில் வரிசையோடு அவளால் பாதி தூரம்தான் மிதிக்க முடிந்தது. மீதிப் பாதி புட்டு மாதிரி கிடந்தது. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். ஒவ்வொரு நாளும் உச்சியானதும் எல்லோரும் உடைமரத்துக்கு ஓடுவார்கள். அவள் கடற்கரைப் பக்கம் நொண்டிக்கொண்டே போய், ஈரமணலில் உட்கார்ந்து காலைப் பார்ப்பாள். என்ன செய்தால் நோகிறது, என்ன செய்தால் நோகவில்லை என்று சோதித்துப் பார்ப்பாள். பாதத்தைத் தட்டையாக வைத்தால் நோவில்லை. குதிகாலில் நின்றால் நோவில்லை. குதிகால் எழும்பி, விரல் பின்னால் மடங்குகிற அந்த ஒரு நொடியில்தான் கடிக்கிறது. அப்படியானால் மடங்காமல் நடக்க வேண்டும். மடங்காமல் எப்படி நடப்பது?

அங்கேதான் அந்த வள்ளம் கிடந்தது.

அந்த வள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முந்தின ஆடியில், காற்றே இல்லாத ஒரு மத்தியானம், அது தானாகக் கரைக்கு வந்து நின்றதாம். உள்ளே ஆளில்லை. ஒரு ஓலைத்தொப்பி இருந்தது. ஒரு கலயத்தில் குடிதண்ணீர் இருந்தது, விளிம்பு வரைக்கும், ஒரு சொட்டுச் சிந்தாமல். எந்த ஊர் வள்ளம், யாருடையது, ஒருவருக்கும் தெரியவில்லை. ஆளில்லாமல் வந்த வள்ளத்தை யாரும் தொடமாட்டார்கள். மக்கிப் போகும் வரை அப்படியே கிடக்கும். அதன் மரத்தில் ஒரு சிராய்கூட ஊருக்குள் வரக் கூடாது.

அன்றைக்கு அலை ஏறியிருந்தது. வள்ளம் மணலில் கிடந்தபடியே ஆடியது. முன்பக்கம் சாய்ந்தது, பின்பக்கம் சாய்ந்தது. உலகம்மை பார்த்தாள். அடிமரம் எங்கேயும் வளையவில்லை. மடங்கவில்லை. மொத்தமாக உருண்டு முன்னே போகிறது, மொத்தமாக உருண்டு பின்னே வருகிறது.

"நீ மடங்காமலே நடக்கியே" என்றாளாம் வள்ளத்தைப் பார்த்து.

வள்ளத்துக்குள்ளிருந்து டொக் என்று ஒரு சத்தம் வந்தது. வெயிலில் காய்ந்த பலகை அப்படிச் சத்தம் போடும் என்று நான் சொல்வேன். சொல்கிறவர்கள், அது பதில் என்பார்கள்.

வெயில் பார்த்துக்கொண்டிருந்தது, ஒன்றும் சொல்லவில்லை.

அவள் அந்த வள்ளத்திலிருந்து ஒரு பலகையைப் பெயர்த்தாள். வெட்டரிவாளால் செதுக்கினாள். பாத நீளத்துக்கு ஒரு கட்டை, மேலே தட்டை, அடியில் வள்ளத்தின் வயிறு மாதிரி வளைவு. பனைநார்க் கயிற்றால் காலோடு கட்டிக்கொண்டாள். நோகிற இடத்துக்கு மெத்து மெத்தென்று இருக்கட்டும் என்று பழஞ்சேலைக் கிழிசலைச் சுருட்டி மூட்டுக்கு நேர் அடியில் வைத்தாள். எழுந்து நாலடி வைத்தாள். நோவு இரண்டு பங்கானது! மூட்டை அது அடியிலிருந்து குத்தியது. அந்த ஜோடியைக் கழற்றி வள்ளத்துக்குள்ளேயே எறிந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் வேறு ஒரு ஜோடி. இந்தத் தடவை சேலைச் சுருளை மூட்டுக்கு அடியில் வைக்கவில்லை. ஒரு கட்டைவிரல் அகலம் பின்னால் தள்ளி, உள்ளங்காலின் ஏற்றத்தில் வைத்தாள். இப்போது பாரத்தை அந்தச் சுருள் வாங்கிக்கொண்டது. விரல் மடங்கவில்லை, கட்டை உருண்டது. நோவு இருந்தது. ஆனால் கடிக்கவில்லை. தூரத்தில் உட்கார்ந்து முறைத்தது.

அன்றிலிருந்து உச்சி நேரத்தில், எல்லோரும் மரத்தடியில் கண் மூடியிருக்கும்போது, அவள் கட்டையைக் கட்டிக்கொண்டு தன் பங்கில் இறங்கி மிதித்தாள். டொக். டொக். டொக். கொஞ்சம் மிதிப்பாள், உட்காருவாள், மறுபடி மிதிப்பாள். மிதித்தபின் வெயிலில் சுட்ட கடல்தண்ணீரில் காலை வைத்துக்கொண்டிருப்பாள். தலையில் சுமை எடுப்பதை நிறுத்தினாள். தரை இறுகிக்கொண்டே வந்தது.

அந்தத் தரையில் விழுந்த தடங்களை அவள் யோசிக்கவில்லை.

முதலில் பார்த்தவன் தளவாய். வெயில் சாய்ந்து வரப்பில் வந்தவன் அப்படியே நின்றான். ஈரத்தரையில், மெல்லிசாக உப்புப் பூத்த வெள்ளைக்கு நடுவே, தடம் போயிருந்தது. மனுஷத் தடமில்லை. விரலில்லை, குதிகாலில்லை. குட்டி வள்ளம் வள்ளமாக, ஒன்றன்பின் ஒன்றாக.

ஊர் கூடியது.

"பேய்தான்" என்றான் ஒருவன்.

"பேய்க்குக் கால் கிடையாதே, எப்படிடே தடம் வரும்?" என்றான் அனந்தன். அந்தக் கூட்டத்தில் கேட்க வேண்டியதைக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

"கால் இருக்கு. விரல்தான் இல்ல" என்றான் தளவாய். குரல் இறங்கிப் போயிருந்தது. "கடல்ல போனவன் விரலைத்தான் மீன் முதல்ல தின்னும். இது அந்த வள்ளத்துக்காரன். நடந்து வந்துட்டான்."

 ஒருவரும் கடற்கரைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

உலகம்மை உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வாள்? செருப்புக்காலோடு பாத்தியில் இறங்கினேன், உச்சியில் இறங்கினேன், தொடக் கூடாத மரத்தைத் தொட்டேன் என்றா? நோவு என்று சொன்னதற்கே சிரித்த ஊர் அது. அவள் பேசாமல் இருந்தாள். மறுநாளும் இறங்கினாள். இன்னும் பதினோரு நாள் மிதி பாக்கி.

அடுத்து நடந்ததுதான் அவளையே நடுங்கவைத்தது.

ஒரு மத்தியானம் நோவு கூடுதலாக இருந்ததால் அவள் பாத்திக்குப் போகவில்லை. மரத்தடியில் மற்றவர்களோடு படுத்திருந்தாள். அவள் ஜோடி வள்ளத்தில் இருந்தது. அப்போது கேட்டது.

டொக். டொக். டொக்.

வெள்ளைக்குள்ளிருந்து வந்தது. கானல் நெளிந்துகொண்டிருந்ததில் ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும். மரத்தடியில் எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்கள். உலகம்மை மட்டும் திறந்திருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு எண்ணம்: நான் இங்கே இருக்கிறேன். அப்படியானால் அங்கே நடப்பது யார்?

எழுந்து போனாள். நோகிற காலோடு, வெறுங்காலோடு, வரப்பு வரப்பாகப் போனாள். கானலுக்குள் ஒரு உருவம் குனிந்து நிமிர்ந்தது. கிட்டப் போகப் போக அதற்குச் சேலை வந்தது. பிறகு கொண்டை வந்தது.

வடிவு.

"அக்கா!"

"சத்தம் போடாத ஏட்டி." வடிவு மூச்சு வாங்கினாள். காலில் உலகம்மை முதலில் எறிந்த ஜோடி. "எனக்கு மூணு வருஷமா நோவுது. ரெண்டு காலும்."

"சொல்லவே இல்லியே?"

"நீ சொன்ன. உனக்கு என்ன கிடைச்சுது? சிரிப்பு. நானும்லா சிரிச்சேன்." வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். "உன் பின்னால ஒரு நாள் வந்து பாத்தேன். இதைப் போட்டேன். எனக்குச் சரியா இருக்கு."

சரியாகத்தான் இருந்தது. வடிவுக்குக் கால் நீளம். உலகம்மையின் மூட்டைக் குத்தின சுருள், வடிவின் காலில் மூட்டுக்குப் பின்னால் விழுந்தது.

"இன்னும் யாருக்காவது நோவுதாக்கா?"

வடிவு மரத்தடியைப் பார்த்தாள். அங்கே இருபது பெண்கள் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். "யாருக்கு நோவலன்னு கேளு" என்றாள்.

ஒரு வாரத்தில் ஏழு ஜோடி கூடியது. உலகம்மை செதுக்கினாள். வடிவு ஒவ்வொருத்தி காலையும் கையில் வாங்கி, எங்கே நோகிறது என்று கேட்டுக் கேட்டுச் சுருளை நகர்த்திக் கட்டினாள். எங்கே நோகிறது என்று அந்தப் பெண்களை அதுவரை யாரும் கேட்டதில்லை. உச்சியில் ஒவ்வொருத்தியாக நழுவிப் போவார்கள். மற்றவர்கள்தான் பயத்தில் கண்ணைத் திறக்கமாட்டார்களே!

தடம் ஒரு வரிசை இரண்டானது. இரண்டு நாலானது. நாலு ஒன்பதானது. சாயங்காலம் ஊர் வந்து பார்க்கும். ஒரு வள்ளத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று தங்களுக்குள் குசுகுசுக்கும்.

தளவாய் ஆணி கொண்டுவந்தான். ஒரு சாண் நீள இரும்பாணி. தடத்தில் ஆணி அடித்தால் நடந்தது அங்கேயே நின்றுவிடும் என்பது அவர்கள் வழக்கம். வரப்போரத்திலிருந்து தொடங்கி, தடத்துக்கு ஒன்று, தடத்துக்கு ஒன்று என்று அடித்துக்கொண்டே போனான். நாற்பது நாள் பெண்கள் முன்பாதம் தேய மிதித்து இறுக்கின தரையில், அந்த மேஸ்திரி தன் கையாலேயே ஓட்டை போட்டான்! இந்த முட்டாள்தனத்தைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் குரல் உயர்ந்துவிடுகிறது, மன்னியுங்கள்.

மிதி முடிந்து தண்ணீர் விட்டார்கள். மூன்றாம் நாள் பார்த்தால், ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் உப்பு சிவப்பாகப் பூத்திருந்தது. அந்த வெள்ளை உப்புவெளி முழுக்க, வரிசை வரிசையாக, விரலில்லாத தடங்களில் ரத்தம். ஐந்தாம் நாள் தண்ணீரைக் காணோம். தரை குடித்துவிட்டது. இரும்பில் உப்புத்தண்ணீர் பட்டால் துரு ஏறும், ஓட்டை போட்டால் தண்ணீர் இறங்கும். இது உங்களுக்கும் எனக்கும் தெரியும். உப்பிலேயே பிறந்து வளர்ந்த அவர்களுக்கும் தெரியும். ஆனால் பயந்தவன் கண்ணுக்குத் துரு தெரியாது.

"குடிக்குது" என்றான் தளவாய். "பாத்தியைக் குடிக்குது. எல்லாம் அவளால. கால் நோவு, கால் நோவுன்னு சொன்னாளே, அவ கால்லதான் முதல்ல ஏறியிருக்கு. வைத்தியரை வரச் சொல்லு. வெள்ளிக்கிழமை விரலை எடுத்துருவோம். அது ஏறின வாசலை அடைச்சா அது போயிரும்."

ஆனால் அதற்கு முன் ஒரு முறை உண்டு. பேயை விரட்டுகிறதற்கு முன்னால், அதனிடம் என்ன வேண்டும் என்று கேட்டுவிட வேண்டும். மேஸ்திரிதான் கேட்க வேண்டும். உச்சியில், வரப்பில், பாத்திக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைநிறைய உப்பை வைத்துக்கொண்டு. அது கேட்பதைக் கொடுப்பதாக அந்த உப்பின் மேல் சத்தியம் செய்ய வேண்டும். கேட்டு முடிகிறவரை ஒருவரும் திரும்பக் கூடாது. திரும்பினால் கண் போய்விடும். சத்தியத்தை மீறினால் அளமே போய்விடும்.

கவனியுங்கள். உயிரோடு இருக்கிறவளை அந்த ஊர் ஒரு தடவைகூட 'உனக்கு என்ன வேண்டும்' என்று கேட்டதில்லை. பேயென்றால் சத்தியம் செய்து கேட்கிறார்கள்.

வியாழக்கிழமை. உச்சி. ஆண்கள் எல்லோரும் வரப்பில் வரிசையாக, பாத்திக்கு முதுகு காட்டி நின்றார்கள். பெண்களை மரத்தடியில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். காற்றில்லை. கொக்குகூட இல்லை. தளவாயின் விரலிடுக்கில் உப்பு சிந்தியது.

"வந்திருக்கியா?" என்று கத்தினான்.

சத்தமில்லை.

"வந்திருக்கியா?"

சத்தமில்லை.

"வந்திருக்கியா?"

டொக்.

முதுகுக்குப் பின்னால், தூரத்தில். பிறகு கிட்டத்தில். ஒன்று, இரண்டு, நாலு, எத்தனை என்று எண்ண முடியவில்லை. டொக், டொக், டொக், டொக். வரப்புக்குக் கீழே வந்து நின்றது. மூச்சுச் சத்தம் கேட்டது. ஒரு ஆள் மூச்சு இல்லை.

"என்ன வேணும்? கோழி வேணுமா?"

"வேண்டாம்." பெண்குரல், தொண்டை காய்ந்த குரல். தம்பி பெண்டாட்டியின் குரல் அவனுக்கு அடையாளம் தெரியாதா என்று கேட்பீர்கள். வரிசையில் அவன் கேட்டதெல்லாம் பாட்டுக்குரல். மரியாதை மரியாதை என்று பதினைந்து வருஷம் தன்னோடு அவளைப் பேசவிடாத ஆளுக்கு, காய்ந்த தொண்டையில் அவள் பேசுகிற குரல் எப்படித் தெரியும்?

"சேலை வேணுமா?"

"வேண்டாம்."

"விரல் வேணுமா? உனக்குத்தான் விரல் இல்லியே. நாளைக்கு ஒரு பொம்பளை விரல வெட்டித் தாரேன். எடுத்துட்டுப் போயிரு."

பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினார்கள். குரல் மட்டும் அசையவில்லை.

"விரல் அவகிட்டயே இருக்கட்டும். யார் விரலையும் அவ சம்மதமில்லாம தொடக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சத்தியம்."

"நோவுதுன்னு ஒருத்தி சொன்னா, எங்க நோவுதுன்னு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"சத்தியம்."

"ஒரு பாட்டு மிதிச்சா ஒரு பாட்டு உக்காரணும். கட்டை கட்டின கால் பாத்தில இறங்கலாம்."

"சத்தியம்."

"ஆணியெல்லாம் பிடுங்கு. நீ போட்ட ஓட்டையை நீயே மிதிச்சு அடை."

தளவாய் அழுதுவிட்டானாம். "சத்தியம், சத்தியம்" என்றானாம். கையிலிருந்த உப்பெல்லாம் கீழே கொட்டிவிட்டது. இனி ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. கடைசியாகக் கேட்க வேண்டியது, போய்விடுவாயா என்பது. அதைக் கேட்டான். அவள் பதில் சொன்னாள்.

அந்தப் பதிலை இப்போதே சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு பேச எனக்கு ஒன்றும் இருக்காது. அதனால் மிச்சம் மீதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உலகம்மையின் விரல் அவள் காலிலேயே இருந்தது. நோவும் இருந்தது. சாகிறவரை இருந்தது. மழைக்கு முந்தின நாள் நிறைய, மற்ற நாளில் கொஞ்சம். அவளும் அதுவும் ஒருத்தரை ஒருத்தர் தெரிந்துவைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் இருபத்திரண்டு மிதிக்கு முன்னால் நின்று பாட்டெடுத்தாள். அந்த வரப்புக்கு முதுகுவரப்பு என்று பெயர் வந்தது. அதன் ஓரத்தில் கொஞ்சம் இடத்தில் இன்றைக்கும் உப்பு இளஞ்சிவப்பாகத்தான் பூக்கும், அதை யாரும் வாரமாட்டார்கள் என்கிறார்கள். மிதி தொடங்குகிற நாளில் மேஸ்திரி பாத்திக்கு முதுகு காட்டி நின்று, ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி, கால் எப்படி இருக்கிறது என்று கேட்பான். பதில் வராமல் மிதி தொடங்காது. முதல் தடம் வள்ளக்கட்டைத் தடம்தான்.

இன்னொன்று. அன்றைக்கு எல்லாம் முடிந்தபின், பாத்தியில் கிடந்த தடங்களை வடிவு எண்ணினாள். கட்டை கட்டி வந்தவர்கள் ஒன்பது பெண்கள். தடம் பத்து வரிசை இருந்தது. ஒன்பதும் மரத்தடியிலிருந்து வந்திருந்தன. பத்தாவது கடற்கரையிலிருந்து வந்து, மற்றவற்றோடு சேர்ந்து வரப்புக்குக் கீழே நின்றிருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை. துருவுக்கும் ஓட்டைக்கும் நான் காரணம் சொன்னேன். இதற்கு என்னிடம் காரணம் இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன். அதுவும் அன்றைக்கு அந்தப் பெண்களின் பக்கம்தான் நின்றது.

இப்போது அந்தப் பதில்.

உச்சி வெயில். வரிசையாகத் திரும்பின முதுகுகள். தளவாய் கண்ணை மூடிக்கொண்டு, வெறுங்கையை நீட்டிக்கொண்டு கேட்டான்: "கேட்டதெல்லாம் தந்தாச்சு. இனி போயிருவியா?"

முதல் தடவையாக, பேயாக இல்லாமல் தானாகவே, மூத்தாரிடம் நேராகப் பேசினாள் உலகம்மை.

"எங்க போவ? நான் உசுரோடல்லா இருக்கேன், அத்தான்."